ஏழரை

மார்ச் 2, சனி
“இங்க நின்னு என்ன பண்ணப் போறீங்க, போயிட்டு வாங்க” என்று இவள்தான் துரத்தினாள். பாரீஸின் வான்வ் பழம்பொருள் சந்தை மதியத்துக்குள் கலைந்துவிடும். ஓடிப்போய் ஒரு கடிதத் தராசு எடுத்தேன். வார்ப்பிரும்புப் பாதம், வளைந்த பித்தளை அளவுப் பட்டை, தட்டில் கொஞ்சம் நெளிசல். கடைக்காரர் 1900 என்கிறார். பட்டையில் 7½, 15, 100 என்று மூன்றே கிராம் கோடு. 1900இல் பிரான்சில் கடிதத்துக்கு 15 கிராம் வரை ஒரே தபால் கட்டணம். ஏழரையை யார் பார்த்தார்கள்? நான் வாயைத் திறக்கவில்லை. 40 யூரோ.

மார்ச் 3
குழந்தை 1180 கிராம். நேற்றைவிடக் குறைவு.

மார்ச் 4
முதல் சில நாள் இறங்கத்தான் செய்யும், பத்தில் ஒரு பங்குவரை போகலாம் என்கிறார் நர்ஸ். சரி. ஆனால் காலையில் வந்தவர் ஒயரையெல்லாம் தூக்கிப் பிடித்துக்கொண்டு எடை பார்த்தார். இரவு வந்தவர் அப்படியே விட்டுவிட்டார். ஒயர் எத்தனை கிராம்? கேட்டால் இவள் முறைக்கிறாள்.

மார்ச் 5
தூக்கம் வரவில்லை. தராசை மேசையில் வைத்தேன். இதில் ஸ்பிரிங் கிடையாது. தட்டில் பாரம் ஏறினால் எதிர்எடை பக்கவாட்டில் மேலே போகும், இரண்டும் சமமாகிற இடத்தில் முள் நிற்கும். ஸ்பிரிங் தளர்ந்துபோகிற கவலை இல்லை. தரை சாய்ந்திருந்தால் மட்டும் பொய் சொல்லும். அதற்குத்தான் பாதத்தில் திருகு. திருகி முள்ளைச் சுழியத்துக்குக் கொண்டுவந்தேன். ஒரு யூரோ நாணயம் சரியாக 7.5 கிராம். வைத்தேன். ஆடி ஆடி ஏழரைக் கோட்டிலேயே போய் நின்றது. இன்னொரு நாணயம். 15! 1862 ஜனவரியில் முதல் கட்டணத்தின் ஏழரை கிராம் எல்லையை 10 கிராம் ஆக்கினார்கள். அதற்கு முந்தைய சாமான்தான் இது, சந்தேகமில்லை.

மார்ச் 6
1172.
அம்மா போன். “ஏறுச்சாடா?” பிறகு படத்தைப் பார்த்துவிட்டு, “புளி போட்டுத் தேய், பளபளன்னு வரும்.” தேய்த்தால் கோட்டில் இருக்கிற கறுப்பும் சேர்ந்து போகும், சொன்னால் புரியாது. “என்ன எழுதியிருக்கு, ஏழரையா? இந்த நேரத்துல அதை ஏண்டா வீட்டுக்குள்ள கொண்டாந்த?”
பால்கனியில் வைத்தேன். எனக்கு நம்பிக்கையெல்லாம் கிடையாது. இருந்தாலும்.

மார்ச் 7
மழை. உள்ளே எடுத்தாச்சு.

மார்ச் 9, சனி
1172. அப்படியே. சந்தைக்குப் போகவில்லை.
1849 ஜனவரி 1, பிரான்சின் முதல் தபால்தலை. கறுப்பு, 20 சாந்தீம். ஊர்விட்டு ஊர் எவ்வளவு தூரமானாலும் ஏழரை கிராம் வரை அதே காசு. தாண்டினால் 40. பதினைந்தைத் தாண்டினால் ஒரு பிராங்க். அரை கிராமுக்குப் பயந்து எத்தனை பேர் தாளின் ஓரத்தைக் கத்தரித்தார்களோ. கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே உட்கார்ந்து நாங்கள் கேட்பது அந்த அரை கிராமைத்தான்.

மார்ச் 11
1195! காலை நர்ஸ், ஒயரைத் தூக்கிப் பிடிக்கிறவர். இரவு எடையும் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொல்லலாம் என்கிறாள் இவள். தட்டு நெளிசலை எடுக்க மரச்சுத்தியல் ஒன்று தேடணும்.