லும்பார்தாவின் மணலில் விளையும் கிர்க்

திராட்சைக் குலையைக் கையில் ஏந்திப் பார்த்ததும் கொடிக்கு ஏதோ நோய் என்றுதான் நினைத்தேன். ஒரே காம்பில் கோலிக்குண்டு அளவுக்குச் சில பழங்கள், அவற்றை ஒட்டியே மணத்தக்காளி அளவுக்குச் சில. தோட்டத்துப் பெரியவர் சிரித்துக்கொண்டே தலையை அசைத்தார். "நோய் இல்லை. இவள் பெண். அவ்வளவுதான்."

குரோஷியாவின் கோர்ச்சுலா தீவு. அதன் கிழக்கு முனையில் இருக்கும் சிற்றூர் லும்பார்தா. துப்ரோவ்னிக்கிலிருந்து பேருந்தில் பெல்யேஷாட்ஸ் தீபகற்பம் வழியாக ஒரெபிச் வந்து, அங்கே படகு பிடித்தேன். கால் மணி நேரத்தில் தீவு. கோர்ச்சுலா நகரத்தில் எல்லோரும் மார்க்கோ போலோ பிறந்த வீடு என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். நான் அங்கே நிற்கவில்லை. என் மனசெல்லாம் கிர்க்கில் இருந்தது.

கிர்க் என்பது ஒரு வெள்ளைத் திராட்சை. அதிலிருந்து செய்யும் ஒயினுக்கும் அதே பெயர். உலகத்தில் இது விளைவது ஏறக்குறைய இந்த ஒரு ஊரில்தான். இதன் பூவில் மகரந்தம் இருந்தும் பயன் இல்லை. அது மலடு. பனையில் ஆண் பனை, பெண் பனை என்று உண்டல்லவா, கிட்டத்தட்ட அந்தக் கதைதான். அதனால் கிர்க் வரிசைகளுக்கு நடுவே பிளாவாட்ஸ் மாலி என்ற கறுப்புத் திராட்சையையும் நட்டுவைக்கிறார்கள். இரண்டும் ஒரே சமயத்தில் பூக்க வேண்டும், காற்றும் ஒத்துழைக்க வேண்டும். பூக்கும் வாரத்தில் மழை பிடித்துக்கொண்டால் அந்த வருஷம் காய்ப்பு போச்சு. மகரந்தம் சரியாகச் சேராத பூக்கள்தான் அந்த மணத்தக்காளிப் பழங்கள். விதையே இருக்காது. ஒன்றைப் பறித்து வாயில் போட்டேன். நல்ல தித்திப்பு.

கால் புதையும் மணல் அங்கே. டால்மேஷியா எனப்படும் இந்தக் கடற்கரைப் பகுதி பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறையாக இருக்க, இங்கே பொன்னிற மணல். பக்கத்தில் இருக்கும் கடற்கரைக்குப் பெயரே வேலா பிர்ஷினா, அதாவது பெருமணல். அந்த மணலிலிருந்துதான் கொடிகள் எழுந்து நிற்கின்றன. இரண்டு பக்கமும் கடல்.

பெயருக்கு இரண்டு விளக்கம் சொல்கிறார்கள். குரோஷிய மொழியில் கிர்க் என்றால் கிரேக்கர். கிறிஸ்துவுக்கு முன்பே இஸ்ஸா, அதாவது இன்றைய விஸ் தீவிலிருந்து கிரேக்கர்கள் இங்கே குடியேறி நிலம் பங்கிட்டுக்கொண்டதைச் சொல்லும் கல்வெட்டு இந்த ஊரில்தான் கிடைத்தது. இன்னொரு பொருள், கசப்பு. குடித்துப் பார்த்த பிறகு நான் இரண்டாவது கட்சி.

முதல் வாயில் பேரிக்காயும் முலாம்பழமும் தெரிந்தன. அப்புறம் பைன் மரத்துப் பிசின் போல ஒரு வாசம். விழுங்கி முடித்த பின் நாக்கின் அடியில் தோலோடு மென்ற பாதாமின் இளங்கசப்பு. அந்தக் கசப்புதான் இதன் உயிர். உப்பும் எண்ணெயும் உள்ள எதைச் சாப்பிட்டாலும் வாயைத் துடைத்துவிட்டது மாதிரி ஆக்கி, அடுத்த வாய்க்குத் தயார் செய்துவிடுகிறது.

இதை அன்று மாலை கொனோபாவில், அதாவது ஊர்ச் சாப்பாட்டுக்கடையில், புரிந்துகொண்டேன். முதலில் உப்பில் ஊறிய நெத்திலி வந்தது. முள் எடுத்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, மேலே கேப்பர் மொக்குகள் தூவி, பக்கத்தில் ரொட்டி. மீனின் அந்த உப்புக் கரிப்பு, எண்ணெய் வழவழப்பு, உடனே கிர்க் ஒரு மடக்கு. நெத்திலியின் கடுமை இறங்கி, மீனுக்குள் இருந்த இனிப்பு வெளியே வந்தது. மூன்றாவது மீனுக்கு மேல் நான் பேசுவதையே நிறுத்திவிட்டேன்.

கணவாய் மை கலந்து சமைத்த கறுப்பு ரிசோட்டோவும், அதாவது குழைவான அரிசிச் சோறும், நன்றாகவே ஒத்துப்போனது. பக்கத்து ஊரான ஷர்னோவோவின் மக்காருனி மட்டும் சேரவில்லை. மாவைக் குச்சியில் சுற்றி உருட்டிக் கையாலேயே செய்வது, அதன் மேல் நேரம் எடுத்து வேகவைத்த மாட்டிறைச்சிக் குழம்பு. அருமையான சாப்பாடு. ஆனால் குழம்பின் கனத்தில் கிர்க் காணாமலே போனது. அதற்குப் பிளாவாட்ஸ் மாலி சிவப்பு ஒயின்தான் சரி.

ஒன்று சொல்ல வேண்டும். இதை ஐஸ் வாளியில் போட்டு உறைய வைக்காதீர்கள். அதிகக் குளிரில் வாசம் மூடிக்கொண்டு கசப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். வாளியிலிருந்து எடுத்துப் பத்து நிமிஷம் மேசையில் வைத்தாலே போதும், பேரிக்காய் திரும்பி வந்துவிடும்.

திரும்பும் வழியில் மாலி ஸ்டோனில் இறங்கினேன். வளைகுடாவில் கயிறுகளில் தொங்கவிட்டு வளர்க்கும் தட்டைச் சிப்பிகளுக்குப் பேர்போன இடம். மார்ச் மாதம்தான் அவற்றுக்கு உச்சப் பருவம், நான் போனதோ ஆகஸ்ட் கடைசி. இருந்தாலும் ஆறு சிப்பி கேட்டேன். கடைக்காரம்மா எலுமிச்சையோடு தட்டை வைத்தார். பையில் இருந்த லும்பார்தா பாட்டிலை இங்கேயே திறக்கலாமா என்று கேட்டேன். பெயரை ஒருமுறை படித்துவிட்டு, தட்டிலிருந்த எலுமிச்சையை அவரே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.