காருக்குள்ள பெட்ரோல் வாடையா? எப்போ அடிக்குதுன்னு பாருங்க

டேங்க் ஃபுல் பண்ணின அன்னைக்கு மட்டும் வாடை வந்தா பின்சீட்டைத் தூக்குங்க. பல கார்கள்ல பெட்ரோல் பம்ப் மூடி அங்கதான் இருக்கு. சுத்தி ஈரம், இல்ல தூசி அப்பின கறை இருந்தா சீல் போச்சு. டேங்க் பாதிக்குக் கீழ இறங்கினதும் கழட்டிப் புதுசு போடுங்க. பழசு உப்பியிருக்கும், திரும்ப உட்காராது.

பங்க்ல கன் தானா கட் ஆனதும் போதும்னு சொல்லிருங்க. "ரவுண்டா போட்டுரவாண்ணே"ங்கிறதுக்குத் தலையாட்டாதீங்க. மேல அமுக்கினா, ஆவிக் குழாய் வழியா பெட்ரோலே கரி கேனிஸ்டருக்குள்ள (டேங்க் ஆவியைப் பிடிச்சு வைக்கிற கரி டப்பா) போயிரும், நனைஞ்ச கரி ஆவியைப் பிடிக்காது. வத்தலக்குண்டுல வாய்வரைக்கும் நிரப்பிட்டு கொடைக்கானல் ஏறினா இன்னும் மோசம். மேல போகப்போக காத்தழுத்தம் குறையும், டேங்க்ல இருக்கிற ஆவி வெளியே தள்ளும்.

காலையில ஸ்டார்ட் பண்ணதும் ஏசி வழியா வந்தா இன்ஜின் பக்கம் பாருங்க: இன்ஜெக்டரோட (இன்ஜினுக்குள்ள பெட்ரோலைப் பீச்சுற பாகம்) ஓ-ரிங்ங்கிற ரப்பர் வளையம், வெடிச்ச ஹோஸ், எலி கடிச்ச ஹோஸ். (நம்மூர்ல எலியைத்தான் முதல்ல சந்தேகப்படணும்.) கை வைக்கிறதுக்கு முன்னாடி பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிட்டு, இன்ஜின் தானா அணையிற வரைக்கும் ஓட விடுங்க. அப்புறம் பேட்டரி நெகட்டிவைக் கழட்டுங்க. பல கார்கள்ல லைன்ல 3 பார் அளவுக்கு அழுத்தம் இருக்கும், கண்ணுல பீச்சியடிச்சிரும். புது ஓ-ரிங்ல ஒரு சொட்டு இன்ஜின் ஆயில் தடவி மாட்டுங்க, இல்லைன்னா கிழியும். ஹோஸ் பெட்ரோல் இன்ஜெக்ஷனுக்கு உள்ளதாவே வாங்குங்க; தண்ணி ஹோஸ் வேண்டவே வேண்டாம்.

டிப்ஸ்டிக்கையும் (இன்ஜின் ஆயில் அளவு பார்க்கிற கம்பி) மோந்து பாருங்க. ஆயில்ல பெட்ரோல் வாடை இருந்து, அளவும் ஏறியிருந்தா இன்ஜெக்டர் உள்ளுக்குள்ள ஒழுகலாம். சரி பண்ணும்போது ஆயிலையும் மாத்திருங்க.