கண்ணியைப் பார்க்கப் பழக்கிய வகுப்பு

கம்பளிப் பின்னல் குளிர் நாட்டவரின் கலை என்றும், வெயில் எரிக்கும் யாழ்ப்பாணத்தில் அதைக் கற்பித்தது மிஷனரிமார் விட்டுச்சென்ற வழக்கமே என்றும் நம் கல்லூரிப் பழைய மாணவியர் சங்கக் கூட்டங்களில் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். வழக்கத்தின் தொடக்கம் அதுதான். 1824இல் அமெரிக்க மிஷனரியான ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கிய காலம் முதல், குடாநாட்டுப் பெண்கள் பாடசாலைகளில் எழுத்து வாசிப்போடு ஊசிவேலையும் ஊன்றிவிட்டது. ஆயினும் எழுபதுகளில் நம் கல்லூரியின் மனையியல் அறையில் எங்களுக்குப் பின்னல் பழக்கிய ஆசிரியையின் முறை முழுவதும் அவருடையதே. ஒன்றுமே தெரியாத ஒருவருக்குப் பின்னல் பழக்க அதைவிட நல்ல வழியை நான் இதுவரை காணவில்லை. அதனாலேயே அதை இந்த மலரில் எழுதி வைக்க விரும்புகிறேன்.

அது இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம். மிளகாயும் வெங்காயமும் பயிர்செய்தவர்கள் நல்ல விலை கிடைத்துத் தலைநிமிர்ந்த அதே ஆண்டுகளில், கடையில் கம்பளி நூல் கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்தது. எனவே மலைநாட்டில் உத்தியோகம் பார்த்த உறவினர்களின் கைப்பின்னல் சுவெற்றர்கள் பழசாகிப்போனதும் அவற்றை வாங்கி அவிழ்த்தோம். அவிழ்த்த நூல் சுருள்சுருளாக நிற்கும். அதைக் கதிரையின் முதுகில் சுற்றி நூற்கழியாக (வளையக் கட்டாக) ஆக்கி, இளஞ்சூட்டு நீரில் நனைத்து, அடியில் சிறு பாரம் கட்டி நிழலில் தொங்கவிட்டால் மறுநாள் நேராகிவிடும். ஊசிகளை மூங்கிலில் சீவி, மண்தாள் கொண்டு தேய்த்து, மெழுகுதிரி பூசி, ஒரு நுனியில் அரக்கு உருட்டி ஒட்டிக்கொண்டோம். தட்டுப்பாட்டினால் வந்த அந்த மூங்கில் ஊசி, தொடக்கக்காரரின் கைக்கு உலோக ஊசியைவிட நல்லது என்பதைப் பின்னாளில்தான் உணர்ந்தேன். கண்ணிகள், அதாவது பின்னலின் நூல் வளையங்கள், அதில் வழுக்கி ஓடுவதில்லை.

ஆசிரியை எங்களை ஊசியில் முதல் கண்ணிகளை ஏற்ற விடவில்லை. தொடக்க வரியும் அதை அடுத்த சில வரிகளும்தான் புதியவருக்கு மிகக் கடினமானவை என்பதால், அவற்றைத் தாமே பின்னி, துணி ஊசியில் உறுதியாக அமர்ந்த பின்னரே ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார். “குத்து, சுத்து, எடு, விடு” என்று அவர் தாளத்தோடு சொல்ல, ஊசியைக் கண்ணிக்குள் நுழைத்து, நூலைச் சுற்றி, அதை வெளியே எடுத்து, பழைய கண்ணியைக் கழற்றிவிட்டோம். சிறிது நேரத்தில் சொல் நின்று, கை மட்டும் தாளத்தைத் தொடர்ந்தது. பயத்தில் நூலை இறுக்கிய பிள்ளைகளின் தோளைத்தான் அவர் முதலில் தொட்டார். தோள் இறங்கினால் விரலும் இளகும் என்பது அவர் கண்டறிந்த உண்மை.

சில நாள்களில் வகுப்பில் பலருடைய துணி மேலே போகப்போக விரிந்தது. உடனே எல்லோரும் கண்ணிகளை எண்ணத் தொடங்கினார்கள். “எண்ணாதேங்கோ பிள்ளையள், கண்ணியைப் பாருங்கோ” என்றார் ஆசிரியை. மறுநாள் அவர் பௌதிகவியல் கூடத்திலிருந்து ஒரு உருப்பெருக்கும் கைவில்லையும், வீட்டிலிருந்து ஒரு பழைய பெனியனும் கொண்டுவந்தார். வில்லையின் கீழ் பெனியனின் வெளிப்பக்கத்தைப் பார்த்தபோது, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சின்னஞ்சிறு கூர்வளைவுகள், அம்புமுனையைக் கீழ்நோக்கிப் பிடித்தாற்போல, நிரைநிரையாகத் தெரிந்தன. உட்புறத்தைத் திருப்பினால் குறுக்கே ஓடும் சிறு மேடுகள். பனையோலைப் பெட்டியில் ஓலைகள் குறுக்கும் நெடுக்குமாகப் புகுந்து வருவதைக் கண்டு வளர்ந்த எங்களுக்கு, ஒரே நூல் தன் வளையங்களுக்குள் தானே நுழைந்து துணியாகிறது என்பது அன்று புதிய செய்தி. பெனியனை இழுத்தால் விரிந்துகொடுத்து மீண்டும் சுருங்குவதும் அந்த வளையங்களினாலேதான். திருப்பூரில் இயந்திரத்தில் ஓடும் துணியும் மூங்கில் ஊசியில் நாங்கள் பின்னிய துண்டும் அமைப்பில் ஒன்றே என்று அவர் சொன்னார்.

அந்த ஒரு பாடத்துக்குப் பின் மற்றவை தாமாகவே விளங்கின. நேர்க்கண்ணி, மறுகண்ணி என்று இரண்டாகப் படிப்பவை ஒரே கண்ணியின் முன்புறமும் பின்புறமுமே. எல்லா வரியையும் நேர்க்கண்ணியில் பின்னினால் இருபுறமும் மேடு விழுந்து துணி தட்டையாகக் கிடக்கும். ஒரு வரி நேர், ஒரு வரி மறு என்று மாற்றினால் பெனியனைப் போன்ற வழுவழுப்பான முகம் கிடைக்கும், ஆனால் ஓரங்கள் சுருளும். ஒரே வரியில் இரண்டையும் மாறிமாறிப் போட்டு, அடுத்த வரிகளிலும் நேரின் மேல் நேரும் மறுவின் மேல் மறுவும் தெரியுமாறு பின்னினால் கைமுனைக்கு ஏற்ற இழுபடும் பட்டி அமையும்.

துணி விரிந்த காரணமும் அப்போது கண்ணுக்குத் தெரிந்தது. வரியின் தொடக்கத்தில் நூலை ஊசியின் மேலால் பின்னுக்கு இழுத்தால், ஓரக் கண்ணியின் இரு கால்களும் மேலே ஏறி இரண்டு கண்ணிகள்போல நிற்கும். இரண்டையும் பின்னினால் ஒவ்வொரு வரியிலும் ஒன்று கூடும். எண்ணியவருக்குக் கூடிவிட்டது என்பது மட்டுமே தெரியும். பார்த்தவருக்கு எங்கே கூடியது என்பதும் தெரியும்.

அவருடைய இன்னொரு துணிச்சலையும் சொல்லவேண்டும். நன்றாகப் பின்னிய ஒரு துண்டின் நடுவிலிருந்து ஒரு கண்ணியை வேண்டுமென்றே கழற்றி, ஏணிபோல அடிவரை ஓடவிட்டார். வகுப்பே பதைத்தது. பிறகு நுனி கொக்கியாக வளைந்த குறோசே ஊசியால் படிப்படியாக அந்தக் கண்ணியை மேலே ஏற்றி ஊசியில் சேர்த்துவிட்டு, எங்களையும் அவ்வாறே கழற்றி ஏற்றச் சொன்னார். கண்ணி நழுவுவதைக் கண்டு அஞ்சும் பழக்கம் அன்றோடு எங்களை விட்டுப்போயிற்று. தொடக்கக்காரர் பலர் பின்னலைக் கைவிடுவது இந்த அச்சத்தினால்தான் என்பதால், பதக்கமும் சான்றிதழும் தரும் எத்தனையோ பாடங்களைவிட இந்த அரைமணி நேரத்தை நான் உயர்வாக மதிக்கிறேன்.

எண்பதுகளின் இறுதியில் நோர்வேயின் வடகோடியான பின்மார்க்குக்கு வந்து, நம்மவர் பலரைப் போல மீன் பதனிடும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். இடைவேளையில் அங்குள்ள பெண்கள் பேசிக்கொண்டே பின்னுவார்கள். நூலை அவர்கள் இடக்கையில் பிடித்து ஊசியால் கோலி எடுத்தார்கள். நாம் படித்ததோ வலக்கையால் நூலைச் சுற்றும் ஆங்கிலேய முறை. குறோசேயில் நூலை இடக்கையில் பிடித்துப் பழகியிருந்ததால் அந்த மாற்றம் எனக்கு விரைவில் கைவந்தது. மொழி தெரியாத அந்த நாள்களில், பக்கத்தில் இருப்பவரின் துணியைப் பார்த்தே அவர் என்ன பின்னுகிறார் என்று என்னால் அறிய முடிந்தது. நோர்வேயின் செல்பு ஊரில் 1857இல் மாரித் என்ற இளம்பெண் தொடங்கிவைத்ததாகச் சொல்லப்படும் எட்டிதழ்ப் பூக் கையுறையை, கட்டத்தாளில் ஒரு கட்டத்துக்கு ஒரு கண்ணியாகப் பார்த்துப் பின்னியதும் அந்தப் பழக்கத்தின் பலத்தினாலேதான். இந்நாட்டுப் பாடசாலைகளில் ஆண்பிள்ளைகளும் பின்னல் படிக்கிறார்கள். நம் ஊரில் அது பெண்பிள்ளைகளோடு நின்றுபோனது எனக்கு இன்றும் குறையாகவே படுகிறது.

பேரப்பிள்ளைகளுக்காகப் பின்னத் தொடங்க விரும்பும் தோழியர் சிலர் என்ன வாங்குவது என்று கேட்டிருக்கிறார்கள். கறுப்பு நூலும் மயிரடர்ந்த நூலும் வேண்டாம், அவற்றில் கண்ணி தெரியாது. வெளிர் நிறத்தில், வழுவழுப்பான, நடுத்தரப் பருமனுள்ள நூலே தகும். ஊசி 4 மில்லிமீற்றர் போதும், மூங்கிலாக இருந்தால் நல்லது. நாம் ஊரில் 8ஆம் இலக்கம் என்று சொன்ன பழைய பிரித்தானிய அளவு அதுதான். ஆனால் அமெரிக்க அளவில் 8 என்றால் 5 மில்லிமீற்றர் என்பதால், கனடாவில் உள்ளவர்கள் இலக்கத்தை விட்டு மில்லிமீற்றரைப் பார்த்து வாங்குங்கள். முதல் சில வரிகளைத் தெரிந்த ஒருவரிடம் பின்னி வாங்கிக்கொள்ளுங்கள். அப்படி யாரும் இல்லாதவர்கள் அடுத்த ஒன்றுகூடலுக்கு ஊசியோடும் நூலோடும் வந்தால் நான் பின்னித் தருகிறேன்.