200 லிட்டர் பெரியப்பா

ராத்திரி ரெண்டு மணிக்கு மொட்டைமாடியில் டமார்னு ஒரு சத்தம். சிலிண்டர்தான் வெடிச்சிருச்சுன்னு செகரட்டரி லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு எல்லா வீட்டு காலிங் பெல்லையும் அடிச்சு முடிச்சாச்சு. வெடிச்சது சிலிண்டர் இல்லை, செடிக்கு ஊத்த டிரம்மில் புளிக்க வச்ச பெரியப்பாவோட உரக் கரைசல், ஜீவாமிர்தம். டிரம் மூடி எகிறிப் போய் கார் ஷெட் தகரத்து மேல விழுந்து கிடந்தது. வாசனை அதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

எல்லாம் நந்தனம் புத்தகக் கண்காட்சியில் பிடிச்ச சனி. டெல்லி அப்பளம் சாப்பிட்டோமா, திரும்பினோமான்னு இருந்திருக்கலாம். 10 சதவீதம் தள்ளுபடின்னு போர்டு பார்த்தா பெரியப்பாவுக்குக் கை நிக்காது. 'இயற்கை வீட்டுத்தோட்டம்'னு அட்டையில் போட்ட ஆறு புத்தகம் வாங்கிட்டார். தேர்வு முறை ரொம்ப எளிது: எந்த அட்டையில் தக்காளி அதிகச் சிவப்போ அது.

அதில் ஒண்ணு மொழிபெயர்ப்பு. 'கடைசி உறைபனி நீங்கி, மண்ணின் வெப்பம் 10 டிகிரியைத் தாண்டியதும் நாற்றை நடவும்.' வேளச்சேரி மண்ணு 10 டிகிரிக்கு இறங்கணும்னா ஃபிரிட்ஜில்தான் வைக்கணும். இங்கே தக்காளிக்கு எமன் குளிர் இல்லை, வெயில். பகல் சூடு 35 டிகிரியைத் தாண்டினா மகரந்தம் கெட்டுப் பூ கொத்துக் கொத்தா உதிரும். 50 சதவீத நிழல்வலை கட்டுறதைப் பத்தி அந்தப் புத்தகத்தில் ஒரு வரி இல்லை. ஆனா நத்தையைப் பிடிக்க மண்ணில் கிண்ணம் புதைச்சு பீர் ஊத்தி வைக்கிறது பத்தி ரெண்டு பக்கம் இருக்கு. பெரியப்பா பென்சிலில் நட்சத்திரம் போட்டு வச்சது அந்தப் பக்கத்துக்குத்தான்.

டிரம் விவகாரம் வேற புத்தகத்துக்காரர் செஞ்ச வேலை. அவரைக் குத்தம் சொல்லவும் முடியாது. 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி நல்ல மண், 200 லிட்டர் தண்ணி. கணக்கு சுத்தமான கணக்கு. ஆனா அது ஒரு ஏக்கருக்கு. ஒரு ஏக்கர்னா 43,560 சதுர அடி. பெரியப்பாகிட்ட இருக்கிறது 15-க்கு 15 இஞ்ச் வளர்ப்புப் பை பதினாலு. வாய் வட்டத்தை எல்லாம் கூட்டினாலும் 18 சதுர அடி தேறாது. புத்தகத்து விகிதப்படி பார்த்தா அவருக்குத் தேவை 80 மில்லி. காபி டம்ளரில் பாதி. அட, பை பையா ஊத்துறதுக்குத் தாராளமாவே வச்சாலும் ஒரு லிட்டரைப் பத்து லிட்டர் தண்ணியில் கலந்து பதினஞ்சு நாளுக்கு ஒருக்கா பைக்கு ஒரு சொம்பு. அதுக்கு அரைக்கிலோ சாணம், அரை லிட்டர் கோமியம், நூறு கிராம் வெல்லம், நூறு கிராம் மாவு போட்டு 10 லிட்டர் வாளியில் கலக்கினாலே மிச்சம் விழும்.

மீட்டர் ரீடிங் எடுத்தே ரிட்டயர் ஆன மனுஷன். யூனிட்டைப் பார்க்காம விட்டுட்டார்.

பொங்கலுக்கு வாங்கி வச்ச வெல்லம் ரெண்டு கிலோவும் டிரம்முக்குள்ள போயிருச்சு. பஜ்ஜிக்கு வச்ச கடலை மாவும் கூடவே போச்சு. அந்த வீட்டில் இந்த வருஷம் சர்க்கரைப் பொங்கல், நிஜமாவே வெள்ளைச் சர்க்கரையில் பொங்கினது. பெரியம்மா அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. பேசாதது நல்லதுக்கில்லைன்னு எல்லாருக்கும் தெரியும்.

சரி, ஏன் வெடிச்சது? ஜீவாமிர்தத்தை நிழலில் வச்சு, வாயை ஈரச் சாக்கால மூடி, காலையில் ஒருக்கா சாயங்காலம் ஒருக்கா குச்சியால கலக்கணும். 48 மணி நேரத்தில் தயார், ஏழு நாளுக்குள்ள தீர்த்திரணும். வெல்லம் புளிக்கும்போது வாயு கிளம்பும், அது வெளியே போக வழி வேணும். பெரியப்பா ஈ மொய்க்குதுன்னு மூடியை இறுக்கி, மேல ரெண்டு செங்கல் வச்சு, ஒன்பது நாள் வெயிலில் விட்டுட்டார். 'சாக்கு' அடுத்த பக்கத்தில் இருந்ததாம். அவர் ஒரு நாளைக்கு ஒரு பக்கம்னு வரிசையாப் படிக்கிறவர்.

இவ்வளவுக்கும் கடையில் நின்னபடியே புத்தகத்தை எடை போட்டிருக்கலாம். அட்டையை விட்டுட்டு நேரா வெண்டைக்காய்ப் பக்கத்தைப் பிரிக்கணும். மஞ்சள் நரம்புத் தேமல் பத்தி என்ன எழுதியிருக்கார்னு பாருங்க. அது வெள்ளை ஈ பரப்புற வைரஸ். வந்த செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்தணும், ஈக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி வைக்கணும், அவ்வளவுதான். 'மோர் தெளித்தால் மூன்றே நாளில் குணமாகும்'னு இருந்தா எழுதினவர் வெண்டைக்காயைத் தட்டில் மட்டும்தான் பார்த்திருக்கார். அடுத்து கத்திரி. நுனிக் குருத்து தொங்கினா உள்ளே புழு இருக்கு, ரெண்டு இஞ்ச் கீழே வெட்டிப் புழுவோட கவரில் கட்டிப் போடுங்கன்னு சொல்றவரை நம்பலாம். வெட்டி அங்கேயே போடுங்கன்னு சொன்னா, புழு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகி மறுபடி அதே செடிக்கு வரும். தக்காளி அடிப்பக்கம் கருகினா பால் ஊத்தச் சொல்ற புத்தகம் ஆறில் மூணு. அது பெரும்பாலும் ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமா ஊத்துறதால வர்றது. பாலை நீங்க குடிங்க.

வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லின்னு எல்லாரும் எழுதிடறாங்க. முதலில் சோப்புக் கரைசலில் எண்ணெயைக் கலக்கணும், பால் மாதிரி ஆனதும்தான் தண்ணி சேர்க்கணும், சாயங்காலம்தான் தெளிக்கணும்னு எழுதுறவர் குறைவு. அதை விட்டா எண்ணெய் தனியா மிதந்து மறுநாள் வெயிலில் இலை வதங்கிடும். அப்புறம் மண் கலவை. 'வளமான மண்ணைப் பையில் நிரப்பவும்'னு ஒரே வரி இருந்தா மூடி வச்சிருங்க. வளமான மண்ணு இருந்தா நாங்க ஏன் பையில் நடுறோம்? செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, பைக்கு ஒரு கை வேப்பம்புண்ணாக்கு. நார்க்கழிவை ரெண்டு மூணு தரம் ஊற வச்சு உப்புத் தண்ணியைப் பிழிஞ்சு கொட்டணும்னு சேர்த்துச் சொன்னா காசு குடுக்கலாம். தைப் பட்டம், ஆடிப் பட்டம்னு மாசம் போட்டிருந்தா தள்ளுபடி கூட கேக்க வேண்டாம்.

பெரியப்பா இப்போ திருந்திட்டார்ங்கிறது வதந்தி. புத்தகம் பூரா ஓரத்தில் பென்சிலால பழைய மீட்டர் கார்டு கையெழுத்தில் வகுத்தல் கணக்கு போட்டுக்கிட்டிருக்கார். டிரம்மை வாட்ச்மேன் அண்ணன் பக்கத்துத் தென்னைகளுக்குச் சொம்பு சொம்பா ஊத்தித் தீர்த்தார்.

நேத்து போனப்போ மனுஷன் கண்ணாடி போட்டுக்கிட்டு பதிப்பகத்துக்குப் புகார்க் கடிதம் எழுதிக்கிட்டிருந்தார். 74-ஆம் பக்கத்துக்கு அப்புறம் நேரா 77 வருதாம், 'இதுபோன்ற அச்சுப் பிழைகள் வாசகரை எவ்வளவு பாதிக்கின்றன'ன்னு ஆரம்பிச்சு ரெண்டு தாள். பொருளடக்கத்தில் எட்டிப் பார்த்தேன். 75: மீன் அமிலம் தயாரித்தல். மீன் கழிவும் வெல்லமும் சரிக்குச் சரி, மூணு வாரம் ஊறணும்.

பெரியம்மா அடுப்படியில் புது வெல்லத்தை டப்பாவில் தட்டிக்கிட்டிருந்தாங்க. டப்பா அடியில் மடிச்சுப் போட்டிருந்த தாளைப் பார்த்தேன். என்னையும் பார்த்தாங்க.

"உனக்குக் காபிக்குச் சர்க்கரை ஒண்ணா ரெண்டா?"

ரெண்டுன்னு சொன்னேன்.