இசை அறையில் செய்த பிக்கப்

ஆசிரியர்களைப் பற்றியும் விளையாட்டுப் போட்டிகளைப் பற்றியும் மலரில் எழுதப் பலர் உண்டு. இசை அறையின் அக்கூஸ்டிக் கிட்டாருக்கு நாமே செய்து ஒட்டிய பிக்கப்பை, அதாவது அதன் அதிர்வை மின்குறியாக்கி ஆம்புக்கு அனுப்பும் கருவியைப் பற்றி எழுத ஆளிருக்காது. ஆகவே அதன் செய்முறை.

27 மி.மீ. பீசோ தகடு (அதிர்ந்தால் மின்சாரம் தரும் வட்டு) ஒன்று போதும். பஸ்ஸருக்குள் இருக்கும் அதே பித்தளை வட்டுதான். நடுவில் பீங்கான், அதன்மேல் வெள்ளிப் பூச்சு. காந்தப் பிக்கப் சுற்றலாமே என்பார்கள். மயிரிழைக் கம்பியை ஆயிரக்கணக்கில் சுற்ற வேண்டும். அதுவும் எஃகுத் தந்திக்குத்தான் பேசும், நைலானுக்கு ஊமை. முதல் வேலைக்கு பீசோதான் சரி.

ஷீல்டு ஒயரின் உள்கம்பி வெள்ளிப் பூச்சுக்கு, வெளிவலை பித்தளைக்கு. தகடுகள் வீணாவது இங்கேதான். சால்டரிங் அயர்னை வெள்ளியில் இரண்டு விநாடிக்கு மேல் வைத்தால் பூச்சு ஈயத்தோடு கரைந்து வந்துவிடும். சூடு மிஞ்சினால் பீங்கான் செத்துவிடும். கம்பி நுனியில் முன்கூட்டியே ஈயம் பூசி, ஒரே தொடுதலில் முடிக்க வேண்டும். பித்தளை ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்தால் ஈயம் பிடிக்கும். பிறகு பீங்கான் பக்கத்தை டேப்பால் மூடி, மேலே செப்புத்தாள் ஒட்டி அதைப் பித்தளையோடு இணையுங்கள். இல்லாவிட்டால் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் ஓயாது.

ஒட்டுமிடம் கிட்டாரின் உள்ளே, பிரிட்ஜுக்கு (மேல்பலகையில் தந்திகளைத் தாங்கும் கட்டை) நேர் கீழே, மேல்பலகையின் உட்பக்கம். பித்தளைப் பக்கம் மரத்தில் படிய வேண்டும். முதலில் மெல்லிய இருபக்க டேப்பில் ஒட்டி வாசித்துக் கேளுங்கள், அரை அங்குலம் நகர்த்தி மறுபடி கேளுங்கள். இடம் பிடித்தால் சூப்பர் குளூ. பஞ்சு டேப் மட்டும் வேண்டாம், மேல் சுரங்களை விழுங்கிவிடும்.

தகட்டை மிக்ஸரின் லைன் உள்ளீட்டில் நேராகச் செருகிவிட்டு, "தகரச் சத்தம்" என்று தூக்கிப் போட்டவர்கள் நம்மில் உண்டு. பழி தகட்டின்மேல், குற்றம் செருகிய இடத்தில். தகடு சுமார் 20 நானோஃபாரட் கெப்பாசிட்டர் மாதிரி. 10 கிலோ ஓம் கொண்ட அந்த லைன் உள்ளீட்டில் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதெல்லாம் தேய்ந்துபோகும். ஆறாம் தந்தியோ 82 ஹெர்ட்ஸ். 1 மெகா ஓமில் அந்த எல்லை 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். கிட்டார் ஆம்பில் பெரும்பாலும் அவ்வளவு இருக்கும், நேராகச் செருகலாம். மிக்ஸர் என்றால் நடுவே ஒரு ஜெஃபெட் (கேட், சோர்ஸ், டிரெய்ன் என்று மூன்று கால் உள்ள டிரான்சிஸ்டர்) தேவை: ஜே201, கேட்டிலிருந்து தரைக்கு 3.3 மெகா ஓம், சோர்ஸிலிருந்து தரைக்கு 2.2 கிலோ ஓம், டிரெய்னிலிருந்து 9 வோல்ட்டுக்கு 6.8 கிலோ ஓம். டிரெய்னிலிருந்தே 10 மைக்ரோஃபாரட் வழியாக ஒலியை வெளியே எடுக்கலாம்.

ஸ்டீரியோ ஜாக் போட்டு, பேட்டரியின் மைனஸை நடு வளையத்துக்குக் கொடுத்தால் தனி சுவிட்ச் வேண்டாம். மோனோ பிளக் செருகும்போது வளையமும் தரையும் சேர்ந்துவிடும். பிளக்கைப் பிடுங்காமல் விட்டால் பேட்டரி மெல்ல இறங்கும்.

இரண்டு தகடு போடுகிறவர்கள் துருவம் பார்த்து இணைக்கவும். ஒன்று மாறினால் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு கட்டைச் சுரம் காணாமல் போகும். மேடையில் ஊளையிட்டால் ஒலித்துளையை ரப்பர் மூடியால் அடைத்துப் பாருங்கள்.