315ஆம் இடம்

"அம்மா, சாப்பாட்டோட, பெரிய கிளாஸ் தண்ணியோட போடுங்கோ."

திருகோணமலையில் ஒரு பாமசி. கண்ணாடிக்கு மேல் இமாட்டினிப் 400 மில்லிகிராம் குளிசைப் பெட்டி, ஒரு வகை இரத்தப் புற்றுநோய்க்கான மருந்து.

மனித உடலில் 500க்கும் மேற்பட்ட கைனேஸ்கள், அதாவது பாஸ்பேட்டை ஒட்டிவிடும் நொதியங்கள். அந்தப் பாஸ்பேட்டைத் தரும் ஏடிபி மூலக்கூறு இருக்கும் குழி எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பிறகு இந்தக் குளிசை, அந்தப் புற்றுநோயைத் தூண்டும் கைனேஸான ஏபிஎல்லை எப்படி அடையாளம் காண்கிறது?

வேலை செய்யாத நிலையில் ஏபிஎல்லின் டிஎஃப்ஜி என்ற மூன்று அமினோ அமிலத் துண்டு வெளிப்பக்கம் திரும்பும். குழிக்குப் பின்னால் ஓர் உள்ளறை திறக்கும். இமாட்டினிப் அதற்குள் நீண்டு கிடக்கிறது. பூட்டும் திறப்பும் என்ற உவமை இங்கே பாதிதான் சரி. இது அசைகிற பூட்டு.

அறை வாசலில் காவலாளி போல 315ஆம் அமினோ அமிலம், திரியோனின். அதன் ஹைட்ராக்சில் (OH) தொகுதியோடு மருந்து ஒரு ஹைட்ரஜன் பிணைப்புப் போடுகிறது. மரபணு மாற்றத்தால் அங்கே ஐசோலூசின் என்ற வேறு அமினோ அமிலம் வந்தால் பிணைப்பும் போச்சு, பருத்த பக்கச்சங்கிலி வழியையும் மறிக்கும். அளவைக் கூட்டியும் பயனில்லை. மருந்து கேட்காமல் போனால் முதலில் மரபணு மாற்றத்தைச் சோதிக்கச் சொல்வது இதனால்தான்.

பொனாட்டினிப் என்ற பிந்திய மருந்தை வடிவமைத்தவர்கள் அந்தப் பிணைப்பையே கைவிட்டார்கள். இரண்டு கார்பனுக்கிடையே ஒரு முப்பிணைப்பு. ஈர்க்குப்போல மெல்லிய நேர்கோடு, ஐசோலூசினோடு மோதாமல் உள்ளே போகும். அழகான வேலை! 2012இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் இரத்தக் குழாய் அடைப்பு அபாயம் கூடவே வந்தது, மருந்து புரதத்துக்குள் பொருந்துவதைக் காட்டும் படிகப் படம் அதைக் காட்டாது.