சேரின் நெளி அடைப்புக்குறிகள்

கணினிச் சேர் காலமாகிவிட்டார் என்ற செய்தி வந்தபோது, இம்மலருக்கு வேறொரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். அதைத் தள்ளிவைத்துவிட்டேன்.

சேரின் மாலை நேர சி நிரல்மொழி வகுப்பில் இருந்தவர்களுக்கு அந்தக் குரல் நினைவிருக்கும். "கம்பைலர் ஏற்றுக்கொண்டதா? அப்படியென்றால் அதற்குப் பொருள் இருக்கிறது. தேடு." (கம்பைலர் என்பது நாம் எழுதும் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்.) ஒருநாள் பத்து இடமுள்ள அணி (மதிப்புகளின் வரிசை) ஒன்றை எழுதி, நெளி அடைப்புக்குறிக்குள் மூன்று எண்களை மட்டும் இட்டார். மிச்ச ஏழு இடங்களிலும் என்ன? "குப்பை" என்றான் நம்மில் ஒருவன், நினைவகத்தில் எஞ்சிக் கிடக்கும் ஏதோ மதிப்பு என்ற பொருளில். சேர் அவனையே முன்னுக்கு அழைத்து ஒவ்வோர் இடமாக அச்சிடவைத்தார். ஏழிலும் பூச்சியம். வகுப்பு சிரித்தது, சேர் சிரிக்கவில்லை. "தொடக்க மதிப்பே கொடுக்காமல் செயற்கூற்றுக்குள் (function) அறிவித்த சாதாரண அணி என்றால் இவன் சொன்னதுதான் சரி" என்றார். பிள்ளையின் முகம் வாடவிடாத மனிதர்.

இலண்டனில் முதல் வேலையில் ஒரு லினக்ஸ் இயக்கியின் (வன்பொருளை இயங்குதளத்தோடு இணைக்கும் மென்பொருளின்) நிரலைத் தந்தார்கள். ஸ்ட்ரக்டின் (பல உறுப்புகளை ஒன்றாகக் கட்டிவைக்கும் அமைப்பின்) தொடக்க மதிப்புகளுக்குள் ஒவ்வொரு வரியும் புள்ளியில் தொடங்கியது: புள்ளி, ஓப்பன், சமக்குறி, ஒரு செயற்கூற்றின் பெயர். நாம் படித்தது சி மொழியின் 1989ஆம் ஆண்டு நியமம். இது 1999இல் வந்த வழக்கம். வரிசையை நம்பாமல் உறுப்பின் பெயரைச் சொல்லியே மதிப்பைக் கொடுக்கலாம். சொல்லாத உறுப்புகள், சேரின் அந்த ஏழு இடங்களைப் போலவே, பூச்சியமாகும். இயக்கி தராத செயற்கூறுகளின் சுட்டிகள் (அவை இருக்கும் நினைவக முகவரிகள்) வெறுமையாகவே இருக்கும், இயங்குதளத்தின் கருவான கேர்னல் அதைப் பார்த்து நடந்துகொள்ளும். பழைய கோப்புகளில் புள்ளிக்குப் பதிலாகப் பெயருக்குப் பின் முக்காற்புள்ளி இருந்தது. அது ஜிசிசி என்ற கம்பைலரின் முந்தைய முறை.

அணிக்கும் இதே வசதி உண்டு. சதுர அடைப்புக்குறிக்குள் 5 என்று எழுதி 10ஐக் கொடுத்து, காற்புள்ளியிட்டு வெறுமனே 20 என்று எழுதினால், 20 அதற்கு அடுத்த 6 என்ற சுட்டெண்ணில் (இட எண்ணில்) போய் அமரும். இதை நான் எந்த நூலிலும் தேடவில்லை. சேர் சொல்லித்தந்தபடி பத்து இடங்களையும் அச்சிட்டுப் பார்த்தேன்.

இங்கே என்னைவிட அதிகம் கற்றவர்கள் பலருடன் வேலை செய்திருக்கிறேன். அவரைப்போல் கேள்வி கேட்பவர் ஒருவரும் வாய்க்கவில்லை. ஊரிலேயே இருந்திருந்தால் இந்தப் புள்ளி வரிகளை அவரோடு இருந்து வாசித்திருப்பேன். சியிலிருந்து வளர்ந்த சி++ மொழி 2020இல்தான் இதை ஏற்றது. அதுவும் உறுப்புகளை அறிவித்த வரிசையிலேயே எழுத வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு. "ஏன் அப்படி?" என்று சேர் நிச்சயம் கேட்டிருப்பார். அங்கே உறுப்புகள் அறிவித்த வரிசையில் உருவாகி, அதற்கு நேரெதிர் வரிசையில் அழிகின்றன, சேர்.